காலால் கற்ற பூகோளம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி ஒருத்தி எழுதியது)

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள் நம் பெரியவர்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்த பூகோளம் அப்படிப்பட்ட சுரைக்காய்தான். ஏட்டிலே கொடி படர்ந்தது, காய்த்தது, தேர்வு முடிந்ததும் உதிர்ந்து போனது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள். சுவரில் இந்திய நிலப்படம் தொங்குகிறது. விந்திய மலையைத் தொட்டுக் காட்டச் சொல்லி என்னை எழுப்பி விட்டார்கள். மலை என்றால் உயரமாகத்தானே இருக்கும் என்று எண்ணி, படத்தின் மேல் விளிம்பில் எட்டிய இடத்தில் விரலை வைத்தேன். வகுப்பே சிரித்தது. உள்ளங்கையில் இரண்டு அடி விழுந்தது. அடி மறந்துவிட்டது, சிரிப்பு மறக்கவில்லை. அடுத்த பாடவேளை விளையாட்டு. வழக்கம்போல் அதைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக் கொண்டார்கள். சன்னல் வழியே வெறிச்சோடிக் கிடந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரை மாற்றினாலும் கதை மாறாத பள்ளிகள் ஏராளம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்து வாழ்நாளைக் கழித்தவர். அவர் கை பட்ட பூட்டுகள் எத்தனையோ ஊர்களில் தொங்குகின்றன. ஆனால் அந்த ஊர்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. 2019 ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "அப்படின்னா என்ன பாப்பா?" என்று என்னைக் கேட்டார். பொருளுக்குக்கூடப் புவியிலே ஓர் இடம் உண்டு என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது. அதைச் செய்த மனிதருக்குத் தம் இடம் இன்னதென்று காட்டத் தெரியவில்லை. இந்த முரண்பாடுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூகோளத்தைப் பெஞ்சில் உட்கார்த்தி வைத்துக் கற்பிக்கக் கூடாது. அதை மைதானத்தில் ஓடவிட்டுக் கற்பிக்க வேண்டும். அதுவும் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு அல்ல. நம் தெருவில் ஏற்கெனவே இருக்கும் கிளித்தட்டு, நிழல் மிதி போன்ற விளையாட்டுகளே போதும். இதை நூலில் படித்துச் சொல்லவில்லை. சென்ற ஓராண்டாக எங்கள் தெருப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்ததில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் என் தோல்வியைச் சொல்வதே முறை. தெருக்கோடியில் காலி மனை ஒன்று இருக்கிறது, நடுவே ஒரு வேப்பமரம். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மாநிலத்தின் பெயரை எழுதினேன். "ஒடிசா!" என்று நான் கத்தியதும் பிள்ளைகள் ஓடிப் போய் அந்த வட்டத்தில் நிற்க வேண்டும். கூச்சலும் சிரிப்புமாக ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. பெரிய சாதனை செய்துவிட்டதாக அன்றிரவு பூரித்துப் போனேன். மறுநாள், எப்போதும் முதலில் ஓடி ஜெயித்த பையனை அழைத்து, "ஒடிசா எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். "வேப்பமரத்துக்கிட்டக்கா" என்றான்!

அவன் மேல் குற்றமில்லை. நான் அமைத்த விளையாட்டில் ஒடிசா வேப்பமரத்துக்கு அருகில்தான் இருந்தது. பாடத்தை எடுத்து விளையாட்டின் முதுகில் மூட்டையாகக் கட்டியிருந்தேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டால் விளையாட்டு தன் பாட்டுக்கு ஓடியிருக்கும். அன்று நான் கற்ற பாடம் இது: விளையாட்டின் விதியே பாடமாக இருக்க வேண்டும். பாடத்தைப் புரிந்துகொள்ளாமல் ஜெயிக்கவே முடியாது என்ற நிலை வேண்டும். அப்போதுதான் அது கல்வி. இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டம், அல்லது கால் முளைத்த மனப்பாடம்.

அதன்பின் கிளித்தட்டை எடுத்துக்கொண்டேன். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் நீளவாக்கில் ஒரு நடுக்கோடு, குறுக்கே பல கோடுகள். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் காவல் நிற்பார். நடுக்கோட்டில் ஓடித் திரிபவர் 'கிளி'. எதிரணியினர் இவர்கள் கையில் அடி வாங்காமல் கட்டம் கட்டமாகத் தாண்டி மறுகோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். இந்த ஆட்டக்களத்தை உற்றுப் பாருங்கள். இது நிலப்படத்தின் கட்டம் அன்றோ!

தமிழ்நாடு ஏறத்தாழ 8 பாகை வட அட்சரேகையிலிருந்து 13 பாகையைச் சற்றுத் தாண்டும் வரை நீண்டு கிடக்கிறது. கிழக்கு மேற்காகப் பார்த்தால் 76 பாகை தீர்க்கரேகையைச் சற்றுத் தாண்டித் தொடங்கி 80 பாகையைச் சற்றுத் தாண்டி முடிகிறது. ஆகவே குறுக்கே ஆறு கோடுகள் போட்டோம். அவை 8, 9, 10, 11, 12, 13. இடப்பக்க எல்லை 76, வலப்பக்க எல்லை 80. கிளி ஓடும் நடுக்கோடு 78. ஒரு பாகைக்கு மூன்று தப்படி. ஓர் அட்சரேகைப் பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனவே எங்கள் தப்படி ஒன்றுக்கு 37 கிலோமீட்டர். வடக்குக் கோடு மெய்யாகவே வடக்கில் இருக்கும்படி திசை பார்த்துக் கோடு கிழித்தோம். வேப்பமரத்துப் பாடத்தை நான் மறக்கவில்லை.

ஊர்களைப் பொட்டு வைத்துக் குறித்தபோது பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றும் வியப்பாக இருந்தது. மதுரை 10 ஆம் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்தது. திருச்சியும் தஞ்சாவூரும் 11 ஆம் கோட்டுக்குச் சற்றுக் கீழே அக்கம்பக்கமாக வந்தன. சென்னை மட்டும் 13ஐயும் 80ஐயும் தாண்டி, களத்தின் மூலைக்கு ஒரு தப்படிக்கும் குறைவான தூரத்தில் வெளியே போய் நின்றது. "சென்னை அவுட்டு!" என்று கத்தினார்கள். தலைநகரம் எங்கே என்று அவர்களுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம் திண்டுக்கல்லோ 10 பாகை 22 கலையில், கிளி ஓடும் 78 ஆம் கோட்டின் மேலேயே ஏறத்தாழ உட்கார்ந்துவிட்டது. மதுரையிலிருந்து ஒன்றேகால் தப்படி வடக்கே. "நம்ம ஊர் கிளி வீட்டு வாசல்லயே இருக்குக்கா" என்றாள் ஒரு சிறுமி.

ஆட்ட விதி இதுதான். அடி வாங்கியவர் தாம் நிற்கும் கட்டத்தில் இருக்கும் ஓர் ஊரைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம், ஒருமுறை சொன்ன ஊரை மறுமுறை சொல்லக் கூடாது. ஒரு வாரத்தில் 10க்கும் 11க்கும் இடையே பழனி, கரூர் என்று தேடித் தேடி ஊர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். யாரும் படிக்கச் சொல்லவில்லை. உயிர் பிழைக்க வேண்டுமே!

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி. 1802 ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் நில அளவை ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை என்று உலகப் புகழ் பெற்ற அந்தப் பணியின் முதுகெலும்பு, குமரிப் பக்கமிருந்து இமயமலை அடிவாரம் வரை ஏறத்தாழ 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டியே அளக்கப்பட்டது. லாம்ப்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை முடித்தார். இமயத்தின் சிகரத்துக்குப் பெயர் தந்தவர் அவரே. கிளி ஓடும் கோட்டில் சங்கிலியும் தியோடலைட்டும் தூக்கிக்கொண்டு மனிதர்கள் பல்லாண்டு நடந்திருக்கிறார்கள் என்று சொன்னபோது பிள்ளைகள் அந்தச் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் ஒதுங்கி நின்றதை நான் கண்ணால் கண்டேன். நிலப்படம் நாற்காலியில் உட்கார்ந்து வரையப்பட்டதன்று, காலால் நடந்து வரையப்பட்டது. அதைக் காலாலேயே கற்பதில் என்ன தவறு?

அடுத்தது பருவமழை. "தென்மேற்குப் பருவக்காற்றால் திண்டுக்கல் அதிக மழை பெறுவதில்லை, ஏனெனில் அது மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது." இந்த வாக்கியத்தை நானும் உருப்போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். மழை மறைவு என்றால் மழை எங்கோ ஒளிந்துகொள்கிறது என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் வேண்டாம் என்று ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தேன். அவர்கள்தாம் மேகங்கள். மேற்கே அரபிக்கடல். நடுவே மலைக்கு மூன்று ஏற்றக் கோடுகள். ஏற்றக் கோடு ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் மூன்று கொட்டைகளைப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஏற ஏறக் காற்று குளிரும், குளிர்ந்த காற்றால் ஈரத்தைச் சுமக்க முடியாது. மலையைத் தாண்டித் திண்டுக்கல்லுக்கு ஓடி வந்தவர்கள் கையில் ஒரே ஒரு கொட்டை மிஞ்சியது. "இதுதான் நம்ம ஊர் ஆடிக் காற்று. கையை வீசிக்கொண்டு வருகிறது" என்றேன். ஆடி மாதத்தில் புழுதியை வாரி இறைத்துவிட்டு ஒரு தூறலும் தராமல் போகும் அந்தக் காற்றை அவர்கள் பிறந்தது முதல் அறிவார்கள். அன்றுதான் அதன் மேல் கோபம் தணிந்தது.

பிறகு ஐப்பசி வந்ததாக அறிவித்துத் திசையை மாற்றினேன். வங்கக் கடலிலிருந்து புறப்பட்ட மேகங்கள் சமவெளியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தும், பாதிக் கொட்டைக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் வந்து சேர்ந்தன. எண்ணிக்கை நான் ஆட்டத்துக்காக வைத்தது. ஆனால் காரணம் உண்மையானது. தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது ஏன் என்று இனி யாரும் அவர்களுக்கு எழுதிப் போட வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் கால் ஊனமுற்ற பையன் ஒருவன் உண்டு. ஓடும் விளையாட்டு என்றாலே அவன் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவன். இந்த ஆட்டத்தில் அவனை நடுவே உட்கார வைத்து மேற்குத் தொடர்ச்சி மலை ஆக்கினோம். மலை ஓடுவதில்லை. எல்லா மேகமும் அதனிடம்தான் வந்து கொட்டிவிட்டுப் போகின்றன. ஆட்டம் முடிந்தபோது அதிகக் கொட்டை வைத்திருந்தவன் அவனே. அன்று அவன் முகத்தைப் பார்த்தவர்கள், விளையாட்டுக் கல்வியில் எல்லாப் பிள்ளைக்கும் இடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது நிழல் மிதி. ஒருவர் நிழலை ஒருவர் துரத்தி மிதிக்கும் ஆட்டம் அது. சென்ற ஏப்ரல் 17 அன்று உச்சிவேளையில் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். "எதுக்கு ஆத்தா இந்த வெயில்ல ஆடுறீக?" என்று என் அப்பத்தா திட்டினாள். காலில் செருப்பு மாட்டிக்கொண்டு பத்தே நிமிடம் என்று கெஞ்சி அழைத்துப் போனேன். பிள்ளைகள் ஓடினார்கள், துரத்தினார்கள். மிதிக்க நிழல் இல்லை! ஒவ்வொருவர் நிழலும் அவரவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. "நிழல் எங்கக்கா போச்சு?" என்று கேட்டார்கள். நான் இயற்பியல் படித்ததன் பயனை அந்த ஒரு கேள்வியில் அடைந்தேன்.

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரு முறை சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். திண்டுக்கல்லுக்கு அது ஏப்ரல் 16, 17 அளவிலும் ஆகஸ்ட் 26 அளவிலும் நிகழ்கிறது. இன்னொன்றையும் கவனித்தார்கள். நிழல் மறைந்தது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, 12 மணி 18 நிமிட அளவில். நம் கடிகாரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பதோ 78இல். இடைவெளி நாலரைப் பாகை. பாகைக்கு 4 நிமிடம் வீதம் 18 நிமிடம். கிளி ஓடும் கோடு இங்கே கடிகாரத்தில் வந்து நின்றது. தீர்க்கரேகை என்பது தாளில் இருக்கும் கோடு அல்ல, தலைக்கு மேல் இருக்கும் சூரியனின் கணக்கு என்பதை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்குத் திருப்பிச் சொன்னான்.

கடைசியாக ஒன்று. இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதினேன் என்றாலும் மிகையில்லை. ஒரு குடம் நீரை மனையின் மேட்டில் கொட்டி, அது ஓடும் வழியிலேயே பிள்ளைகளை ஓடச் செய்தேன். பிறகு, "நாமெல்லாம் மழைத்துளி. நான் சொல்லும் ஊரில் விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" என்று கேட்டேன். நம் மாவட்டத்தில் ஒரு விந்தை உண்டு. ஆத்தூர்ப் பக்கம் பெய்யும் மழை குடகனாற்றில் சேர்ந்து வடக்கே ஓடி, வேடசந்தூர் வழியாக அமராவதியில் கலந்து, காவிரியாகிப் பூம்புகாரில் கடலைத் தொடும். வத்தலக்குண்டுப் பக்கம் மஞ்சளாற்றில் விழும் மழையோ வைகையில் கலந்து, மதுரை வழியாக இராமநாதபுரச் சீமைக்குப் போகும். பழனியில் சண்முக நதியில் விழுந்தால் மறுபடியும் அமராவதி, காவிரி. ஒரே மாவட்டத்து மழைக்கு இரண்டு ஆறு. "ஆத்தூர்!" என்றால் வடக்கே ஓட வேண்டும். "வத்தலக்குண்டு!" என்றால் தெற்கே. தவறான திசையில் ஓடியவர் வற்றிப் போனவர்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் ஆட்டத்தில் சேராமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். வயதுக்கு வந்த பெண் தெருவில் ஓடக் கூடாது என்பது வீட்டார் கட்டளை. அவள்தான் திடீரென்று கேட்டாள்: "அப்ப நம்ம தெருச் சாக்கடைத் தண்ணி வேடசந்தூர்க்காரவுக கிணத்துப் பக்கம்தான் போகுமாக்கா?"

நான் வாயடைத்துப் போனேன். சிறுமலையிலிருந்து வரும் சந்தனவர்த்தினியும் குடகனாற்றில்தான் சேர்கிறது. ஊரின் சரிவு அந்தப் பக்கம். தோல் பதனிடும் தொழிலால் திண்டுக்கல்லைச் சுற்றி நிலத்தடி நீர் கெட்ட கதையை நம் பெரியவர்கள் அறிவார்கள். அந்தக் கதையை நாம் எப்போதும் யாரோ நமக்குச் செய்த தீங்காகவே பேசிப் பழகியிருக்கிறோம். நாம் கொட்டுவதும் இன்னொருவர் கிணற்றுக்குப் போகிறது என்பதைச் சரிவு எந்தப் பக்கம் என்று அறிந்த பிள்ளை கேட்கும். ஆறுகளின் பெயரை மட்டும் உருப்போட்ட பிள்ளை கேட்காது. பூகோளம் மதிப்பெண்ணுக்கான பாடம் அன்று, அது அண்டை அயலாரை அறியும் பாடம் என்பதை அந்த ஓரத்தில் நின்ற பெண் எனக்குக் கற்பித்தாள்.

இதெல்லாம் புதுமை என்று நான் மார்தட்டவில்லை. இந்த மண்ணுக்கே இது பழையது. இத்தாலியப் பெண்மணி மரியா மாண்டிசோரி 1939 ஆம் ஆண்டு நவம்பரில் அடையாற்றுக்கு வந்தார். போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் ஊர் திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை நம் கொடைக்கானலில் மகன் மாரியோவுடன் தங்கினார். மண்ணும் நீரும் செடியும் உயிரும் ஒன்றோடொன்று பிணைந்த முழு உலகத்தைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்ற அவருடைய கல்விக் கொள்கை, அந்த மலையில் சிறுவர்களோடு திரிந்த நாட்களில்தான் விரிந்து வளர்ந்தது. உலகம் முழுவதும் மாண்டிசோரி பள்ளிகள் இன்று போற்றும் அந்தக் கருத்து நம் மாவட்டத்து மலையில் வேர் பிடித்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியைக் கொண்டு, 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினார்கள். உடல் உழைப்பின் வழியே அறிவு என்பதே அதன் அடிப்படை.

நானே ஓரளவுக்கு இத்தகைய கல்வியின் பிள்ளை. 2007 முதல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த செயல்வழிக் கற்றலில்தான் என் முதல் எழுத்துகளைக் கற்றேன். பாயில் உட்கார்ந்து அட்டை எடுத்து, ஏணியில் படிப்படியாக ஏறியதும், சுவரின் கீழ்மட்டக் கரும்பலகையில் எனக்கென்று இருந்த இடத்தில் எழுதியதும் இன்னும் இனிக்கின்றன. அது எங்கள் கையை விடுவித்தது. ஆனால் காலை விடுவிக்கவில்லை. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆட்டமும் பாட்டும் உண்டு. மகிழ்ச்சி. ஆயினும் அது தமிழ், ஆங்கிலம், கணிதத்துக்கானது. பூகோளம் தொடங்கும் வயதில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எந்தப் பாடத்துக்கு வெளி வேண்டுமோ அந்தப் பாடமே அறைக்குள் அடைபடுகிறது.

எதிர்வாதங்களை நான் அறியாமல் இல்லை. "பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை" என்பார்கள். உண்மை. ஆனால் மூன்று முறை நடத்தியும் பதியாத மழை மறைவுப் பகுதி, புளியங்கொட்டையால் முக்கால் மணி நேரத்தில் பதிந்தது. "ஐம்பது பிள்ளைகளை மைதானத்தில் கட்டி மேய்க்க முடியுமா?" என்பார்கள். கடினம்தான். பதினைந்து பேருக்கே என் தொண்டை கட்டியது. அதற்கு ஓர் உதவியாளர் வேண்டும். "எல்லாவற்றையும் விளையாடிக் கற்க முடியுமா?" என்பார்கள். முடியாது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் நகரும் நிலத்தட்டுகளைத் தெருவில் ஓடிக் காட்ட என்னால் முடியவில்லை. முயன்றேன், சிரிப்பில் முடிந்தது. அதற்குப் புத்தகமும் ஆசிரியரும் படமும்தான் வேண்டும். விளையாட்டு ஆசிரியரின் இடத்தைப் பிடிக்க வரவில்லை, ஆசிரியர் சொல்லப் போவதைக் கேட்கும் காதை உண்டாக்க வருகிறது. "தேர்வில் மதிப்பெண் வருமா?" என்பார்கள். பத்தாம் வகுப்பில் வரைபட வினா வருகிறதல்லவா? களத்தில் நின்ற பிள்ளைக்குக் கை தானாகப் பொட்டு வைக்கும்.

தோழியரே, ஒன்றை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பெண்பிள்ளையின் பூகோளம் மிகச் சிறியது. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு. படிப்பு நின்றால் வீட்டு வாசலிலிருந்து மில் பஸ், மில் பஸ்ஸிலிருந்து வீட்டு வாசல். பதிமூன்று வயதில் மைதானத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். பிறகு, "பொம்பளப் பிள்ளைகளுக்குத் திசை தெரியாது" என்று கேலி பேசுகிறோம். பறித்தவர்களே இல்லை என்று சிரிப்பது என்ன நியாயம்? ஓரமாக நின்ற அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான்கு முறை நடந்தேன். "விளையாட்டில்லை, பாடம்" என்று சொன்ன பிறகே அனுப்பினார்கள். அது பொய்யுமில்லை. இன்று 78 ஆம் கோட்டில் கிளியாக நிற்பவள் அவள்தான். அவளைத் தாண்டிப் போன பையன்கள் மிகச் சிலர். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் மில்லுக்குப் போவாளா, பள்ளிக்குப் போவாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. கிளித்தட்டு ஒரு குடும்பத்தின் வறுமையைத் தீர்க்காது. ஆனால் தான் நிற்கும் இடம் தெரிந்தவள், போக வேண்டிய இடத்தைக் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். "திருச்சியில என்ன படிப்பு இருக்குக்கா?" என்று சென்ற வாரம் கேட்டாள். இரண்டு தப்படி கிழக்கே, ஒரு தப்படி வடக்கே!

பேராசிரியப் பெருமக்களுக்கும் உடன் பயிலும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று. நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குக் கிராமங்களுக்குச் செல்கிறோம். கோயில் சுற்றுச் சுவரைச் சுத்தம் செய்வதோடு, அவ்வூர்ப் பள்ளி மைதானத்தில் திசை பார்த்து ஒரு கிளித்தட்டு நிலப்படத்தைச் சுண்ணாம்பால் கிழித்துக் கொடுத்துவிட்டு வருவோம். ஒரு கூடைச் சுண்ணாம்புக்கு மேல் செலவில்லை. இரண்டாவது, ஆகஸ்ட் 26 அளவில் வரும் நிழலில்லா நாளில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை நம் கல்லூரி முற்றத்துக்கு அழைப்போம். இயற்பியல் துறை ஒரு கோலை நட்டால் போதும். மூன்றாவது, நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறோம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கேட்காத ஆசிரியராக இருப்போம் என்று இன்றே முடிவு செய்வோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தந்தை பட்டறையிலிருந்து வரும் வழியில் எங்கள் களத்தருகே நின்றார். "இதுல நம்ம ஊரு எது பாப்பா?" என்றார். காட்டினேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அரம் பிடித்துக் காய்த்துப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெல்ல நடந்து அந்தப் பொட்டின் மேல் போய் நின்றார். சற்று நேரம் சுற்றிலும் பார்த்தார். பிறகு, தாம் செய்த பூட்டு போன ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். பிள்ளைகள் ஓடி ஓடிப் போய் ஒவ்வோர் ஊரிலும் நின்று கையை உயர்த்தினார்கள்.